ஆறு வருடம், ஒன்பது நோட்டு: எங்கள் பேய் தேடும் குழு எப்படிப் பதிவு செய்கிறது

இங்கிலாந்தில் உள்ள கவென்ட்ரிக்கு வேலைக்கு வந்த மறு வருடம் இந்தக் குழுவில் சேர்ந்தேன். மொத்தம் ஆறு பேர், எல்லோருக்கும் பகலில் வேறு பிழைப்பு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இடத்தின் சொந்தக்காரர் கூப்பிட்டால், பழைய ஆலையிலோ விடுதியிலோ விடியும்வரை உட்கார்ந்திருப்போம். எந்தக் கருவி வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முதலில் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள் என்பேன். ஆறு வருடத்தில் கருவிகள் பலமுறை மாறிவிட்டன. நோட்டு மட்டும் மாறவில்லை, இப்போது ஒன்பதாவது ஓடுகிறது.

பக்கங்களுக்கு முதலிலேயே எண் போட்டுவிடுவோம். ஒவ்வொரு வரியிலும் நேரம், இடம், யார், என்ன கேட்டது அல்லது தெரிந்தது, அந்த நேரத்தில் வேறு என்ன நடந்தது என்று ஐந்து கட்டம். தப்பாக எழுதினால் ஒற்றைக்கோடு போட்டு அடிக்கலாம், தாளைக் கிழிக்கக் கூடாது. பேய், ஆவி, உருவம் போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. ‘படிக்கட்டுப் பக்கம் மூன்று தட்டு, மரத்தில் தட்டினாற்போல’ என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். நிலவறைக் குளிரில் பேனா எழுதாமல் போனதால் பென்சிலுக்கு மாறினோம். பென்சில் என்றால் அழித்து எழுதலாமே என்ற கேள்வி உடனே வந்தது. அதனால் விடிந்து கிளம்பும் முன் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து ஆறு பேருக்கும் அனுப்பிவிடுகிறோம்.

அடுத்தது ஒலிப்பதிவு. இரவு முழுக்க நாலு ரெக்கார்டர் ஓடும், எல்லாம் சுருக்கப்படாத வேவ் கோப்பாக. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் போகும், பரவாயில்லை. சத்தம் வந்தால் மட்டும் பதிவாகும் வசதியை அணைத்துவிட வேண்டும். அது ஒவ்வொரு சத்தத்தின் தொடக்கத்தையும் வெட்டிவிடும், வெட்டுப்பட்ட இருமல் எந்தச் சொல்லைப் போலவும் கேட்கும். வயிறு இரைந்தாலும், ஜாக்கெட் உரசினாலும், நாற்காலி கிறீச்சிட்டாலும் அந்தக் கணமே வாய்விட்டு ‘நான்தான், வயிறு’ என்று சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். இதை டேக் செய்வது என்போம். புதிதாக வருபவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட ஒரு இருமலுக்காக மூன்று வாரம் செலவழித்திருக்கிறோம்.

நேரத்தில் நாங்கள் பட்ட பாட்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹாலோவீனை ஒட்டி, அக்டோபர் கடைசி வார இறுதியில்தான் எங்களைப் போன்ற குழுக்களுக்கு அழைப்பு அதிகம். இங்கிலாந்தில் அந்த ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்பி வைப்பார்கள். எங்கள் இரண்டாவது வருடத்தில் அது யாருக்கும் நினைவில்லை. போன்கள் தாமாக மாறிவிட்டன, ரெக்கார்டர்கள் மாறவில்லை. நோட்டில் 1:30 இரண்டு தடவை வந்தது. மாடியில் கேட்ட காலடிச் சத்தம் எந்த 1:30ல் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த நேரத்தில் எங்களில் ஒருவர் மாடியில் இருந்தாரா இல்லையா என்பதும் அதனால் நிச்சயமில்லாமல் போயிற்று. அந்த இரவு முழுவதையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். இப்போது வருடம் முழுக்க, கோடையிலும் மாறாத கிரீன்விச் நேரம்தான். தொடங்கும்போது நாலு ரெக்கார்டரையும் ஒரே மேஜையில் வைத்து, நேரத்தைச் சத்தமாகச் சொல்லி ஒரு கைதட்டு. முடிக்கும்போதும் அப்படியே. இடையில் எந்தக் கருவி எத்தனை நொடி விலகியது என்பது இரண்டு கைதட்டையும் வைத்துத் தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது தனித்தனியாகக் கேட்கும் முறை. சந்தேகமான ஒரு துண்டு கிடைத்தால், கண்டுபிடித்தவர் அது என்னவென்று வாய் திறக்கக் கூடாது. மற்ற ஐந்து பேரும் வீட்டில் ஹெட்போன் போட்டுக் கேட்டு, கேட்டதை எழுதி அனுப்ப வேண்டும். ஒருமுறை ஒரு விடுதியின் சமையலறையில் ஒன்றரை நொடித் துண்டு ஒன்று பதிவானது. இரவு பதினோரு மணிக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு கேட்டேன். யாரோ தாழ்ந்த குரலில் ‘வாங்க’ என்றார்கள். அவ்வளவு தெளிவு, என் அத்தை வாசலில் நின்று கூப்பிடுகிற அதே இழுப்பு. உடம்பு சிலிர்த்துவிட்டது. கேட்டதைக் கேட்டபடியே தமிழில் எழுதி, பொருளும் சேர்த்து அனுப்பினேன். மற்றவர்களில் ஒருவர் ‘ஒன்’ என்று எழுதியிருந்தார், ஒருவர் ‘ரன்’, ஒருவர் ஒரு பெண்ணின் பெயர், இன்னொருவர் குளிர்சாதனப் பெட்டி என்றார். அந்தப் பெட்டியின் மோட்டார் நிற்கும்போது வரும் சத்தம்தான் அது. அடுத்த முறை போனபோது அதையே மூன்று தடவை பதிவு செய்தோம். தெளிவில்லாத சத்தத்தில் காது தனக்குப் பழகிய பேச்சைத் தேடிக்கொள்கிறது என்று படித்திருந்தேன். இங்கிலாந்துச் சமையலறையில் என் அத்தையின் குரலைக் கேட்ட பிறகுதான் அது உறைத்தது.

மின்காந்த மீட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து விளக்கு எரியும் கே2 வகை ஒன்று வைத்திருக்கிறோம். சுவருக்குள் ஓடும் வயருக்கும் எரியும், பக்கத்தில் உள்ள போனுக்கும் எரியும். அதனால் பகலிலேயே அறை அறையாக அளந்து வரைபடத்தில் குறித்துவிடுவோம், இரவில் போன்கள் ஃபிளைட் மோடில் இருக்கும். ஃபிளாஷ் போட்டோவில் தெரியும் வெள்ளை வட்டங்கள் லென்ஸுக்கு அருகில் பறக்கும் தூசி. அவற்றைச் சேமிப்போம், அறிக்கையில் சேர்ப்பதில்லை.

விசிறி, பாய்லர், ஃபிரிட்ஜ் எது ஓடியது என்று ஒரு கட்டம் சேர்த்ததற்குக் காரணம் எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்று. விக் டேண்டி என்ற பொறியாளர் இரவில் தன் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தபோது ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது. மறுநாள், வாள்வீச்சுப் போட்டிக்கான தன் வாளைக் கவ்வியில் மாட்டினால் அதன் அலகு தானாக அதிர்கிறது. காரணம் புதிதாகப் பொருத்திய ஒரு விசிறி. அதிலிருந்து காதுக்கு எட்டாத, சுமார் 19 ஹெர்ட்ஸ் அலை எழுந்துகொண்டிருந்தது. உருவம் தெரிந்ததற்கு அந்த அலையே காரணமாக இருக்கலாம் என்று 1998ல் கட்டுரை வெளியிட்டார். பயந்து ஓடியிருந்தால் இன்னொரு பேய்க்கதை கிடைத்திருக்கும். அவர் நின்று அளந்தார்.

இவ்வளவு எழுதுவது யாருக்காக என்று குழுவிலேயே ஒருமுறை வாக்குவாதம் வந்தது. நம்பாதவருக்காக என்பது என் கருத்து. ஹாரி பிரைஸ் என்ற பேய் ஆய்வாளர் 1937ல் எசெக்ஸில், பேய் வீடு என்று பேசப்பட்ட போர்லி பாதிரியார் இல்லத்தை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்து, நாளிதழில் விளம்பரம் கொடுத்து 48 பார்வையாளர்களைச் சேர்த்தார். என்ன பார்க்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று ஆளுக்கொரு கையேடும் கொடுத்தார். வீடு 1939ல் எரிந்துபோனது. ஆனாலும் 1956ல் அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த மூன்று பேர் அவருடைய போர்லி ஆய்வை மறுபடி அலசிக் கடுமையாக விமர்சித்தார்கள். பிரைஸ் அப்போது உயிரோடு இல்லை. நாளை யாராவது எங்களையும் அப்படி அலச வேண்டும், அதற்குத் தோதாக எங்கள் நோட்டு இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒன்பது நோட்டில் பெரும்பாலான வரிகளுக்கு எதிரே குழாய், காற்று, எலி, நாங்களே என்று எழுதியாகிவிட்டது. சிலவற்றுக்கு எதிரே ‘விளக்கம் கிடைக்கவில்லை’ என்று மட்டும் இருக்கிறது. அதில் ஒன்று வார்விக்ஷயரில் உள்ள மாவு ஆலை. கிரீன்விச் நேரம் 3:40. மேல்தளக் கதவின் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இரண்டு ரெக்கார்டரில் பதிவாகியிருக்கிறது. ஆறு பேரும் கீழே ஒருவர் கண்ணில் ஒருவர் பட உட்கார்ந்திருந்தோம். போய்ப் பார்த்தால் தாழ்ப்பாள் விழுந்துதான் கிடந்தது. அன்று பகல் எடுத்த போட்டோவில் அது தூக்கி மாட்டியிருக்கிறது. மார்ச்சில் மறுபடி போகிறோம். கதவுக்கு நேரே கேமரா ஒன்று, தாழ்ப்பாளுக்கு அடியில் ரெக்கார்டர் ஒன்று, தரையில் மெல்லிய மாவுத் தூவல்.