பின் சில்லு தூக்கும் ஸ்டாண்ட்: மட்டக்களப்பு மணலுக்குச் சரிவருமா?

ஹொண்டா சீபீஆர் 250ஆர், கவசாகி நிஞ்சா 250ஆர் மாதிரி பெயரிங் (முன்னும் பக்கமும் மூடும் உறை) போட்டுத் தூரம் ஓடுகிற வண்டிகளுக்கு டபிள் ஸ்டாண்ட் கிடையாது. பக்க ஸ்டாண்டில் சாய்த்துவைத்து செயினுக்கு எண்ணெய் விடுவதென்றால், வண்டியை அரை முழம் தள்ளு, குனி, துடை, மறுபடி தள்ளு என்று ஒரு மணித்தியாலம் போய்விடும். அதனால்தான் அந்த வேலையே தள்ளிப்போகிறது. கல்லடி, காத்தான்குடி தொடங்கி கல்முனை, அக்கரைப்பற்று வரை கடற்காற்று உப்போடுதான் வருகிறது. இங்கே செயினை இரண்டு கிழமை மறந்தாலே பக்கத் தகடுகளில் செம்மஞ்சளாகக் கறள் பூத்துவிடும்.

பின் சில்லைத் தூக்கும் இந்த ஸ்டாண்ட் அந்தத் தொல்லைக்கு நல்ல தீர்வு. இரும்புக் குழாயில் வெல்டிங் செய்து, கீழே நைலோன் சில்லுகள் பூட்டி, 'எல்' வடிவத் தாங்கியும் 'வி' வடிவக் கொக்கியும் சேர்த்தே விற்கிறார்கள். 160 முதல் 175 கிலோ வரையான வண்டியைச் சிரமமில்லாமல் தூக்குகிறது. வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்தவுடன் அப்படியே பாவிக்கக் கூடாது.

முதலில் தாங்கி. 'எல்' தாங்கி ஸ்விங் ஆர்மின் (பின் சில்லைப் பிடித்திருக்கும் கையின்) அடியில் வெறுமனே முட்டிக்கொண்டுதான் நிற்கும். அதன் றப்பரில் செயின் எண்ணெய் பட்டால் வழுக்கும். வலது பக்கம் சைலன்சர் தாழ இருந்தால் அதிலும் இடிக்கும். ஸ்விங் ஆர்மில் ஸ்பூல் (கொக்கி மாட்டுகிற சிறு உருளை) பூட்டத் துளை இருக்கிற வண்டிக்கு 'வி' கொக்கியைத்தான் போடவேண்டும். ஸ்பூல் வாங்கும்போது மரை அளவு முக்கியம். பொதுவாக யமஹாவுக்கு 6 மி.மீ., ஹொண்டா, சுசுகிக்கு 8, கவசாகிக்கு 10 என்பார்கள். மொடலுக்கு மொடல் மாறுவதால், கடையில் வைத்தே போல்ட்டை விரலால் சுற்றிப் பார்த்து வாங்குங்கள். விரலால் நாலு சுற்றுப் போகாத போல்ட்டை ஸ்பெனரால் இறுக்கினால் அலுமினிய மரை கிழிந்துவிடும். துளையே இல்லாத வண்டிக்கு 'எல்' தாங்கிதான் வழி. அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் றப்பரைத் துடைத்துவிட்டுத் தூக்குங்கள்.

ஸ்டாண்டின் அகலத்தைச் சரிசெய்யும்போது கொக்கிக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதற்குமேல் போனால் ஒரு பக்க ஸ்பூல் கொக்கியின் விளிம்பில் ஏறிக்கொள்ளும்.

அடுத்தது தரை. இந்த ஸ்டாண்ட் சீமெந்துத் தரையை நினைத்துச் செய்யப்பட்டது. நம் வளவுகளில் பாதி மணல். நைலோன் சில்லு ஒடுக்கமானது. வண்டியைத் தூக்க ஸ்டாண்டின் பின்பக்கத்தை மிதிக்கும்போது ஒரு பக்கம் மணலில் புதைந்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சரியும். 18 மி.மீ. பிளைவுட் பலகையில் 8க்கு 4 அடியைப் பாதியாக வெட்டினால் 4க்கு 4 வரும், அது போதும். ஸ்டாண்டின் கீழே மட்டும் பலகையைத் திணிப்பதுதான் பலர் விடுகிற பிழை. பின் சில்லு மணலில், ஸ்டாண்ட் பலகையில் என்றால் உயரக் கணக்கு மாறி, கொக்கி ஸ்பூலுக்கு மேலே போய்விடும். பின் சில்லு, பக்க ஸ்டாண்ட், தூக்கும் ஸ்டாண்ட் மூன்றும் ஒரே பலகையில் இருக்கவேண்டும்.

தூக்கும் முறை: பக்க ஸ்டாண்டை மடிக்காமலே வண்டியை நேராக நிமிர்த்தி, இரண்டு கொக்கியும் ஸ்பூலில் இருந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே மிதிக்கவேண்டும். முதல் நாலைந்து தடவை இன்னொருவர் வலப்பக்கம் பிடித்துக்கொள்ளட்டும். தூக்கியதும் முன் பிரேக்கை றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

இனிச் செயின். என்ஜினை ஓடவிட்டுக் கியரில் சில்லைச் சுற்றவைத்துத் துடைப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். சீலை ஸ்ப்ரொக்கட்டில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும், கையை எடுக்க நேரம் இராது. நியூட்ரல், என்ஜின் நிறுத்தம், கையால் பின்னோக்கிச் சுற்றல். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஓ-றிங் செயினுக்கு (இணைப்புகளில் கிறீஸை அடைத்துவைக்கும் றப்பர் வளையம் உள்ளது) மண்ணெண்ணெய் 100 மி.லீ. போதும். மெல்லிய தூரிகையால் தேய்த்து, சீலையால் துடைத்து, காயவிடுங்கள். பெற்றோலும் கம்பித் தூரிகையும் ஓ-றிங்கைக் கெடுத்துவிடும், உள்ளே அடைத்த கிறீஸ் வெளியேறிவிடும். பிறகு 90 கியர் ஒயிலைக் கீழ்ச் செயினின் உட்பக்கம், இரு தகடுகளும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக. 10 முதல் 15 மி.லீ.க்கு மேல் வேண்டாம். கூடுதலாக விட்டால் மணலைத்தான் பிடித்துவைக்கும், வேகத்தில் டயரிலும் தெறிக்கும். பத்து நிமிடம் கழித்து மேற்பரப்பைத் துடைத்துவிடுங்கள். 500 கி.மீ.க்கு ஒரு முறை, மாரியில் நனைந்தால் அன்றைக்கே.

செயினின் தொய்வு (கீழ்ச் செயின் மேலும் கீழும் அசையும் அளவு) பார்க்க இந்த ஸ்டாண்ட் ஒரு வகையில் டபிள் ஸ்டாண்டைவிட மேல். ஸ்விங் ஆர்மையே தாங்குவதால் வண்டியின் பாரம் பின் ஷொக்கில் அப்படியே இருக்கும், அளவு அதிகம் மாறாது. எவ்வளவு தொய்வு வேண்டும் என்பது மொடலுக்கு மொடல் மாறும். சரியான எண் ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். சில்லைச் சுற்றி நாலு இடத்தில் அளந்து, ஆக இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய்யுங்கள். தொய்வான இடத்தை வைத்து இறுக்கினால் மற்ற இடத்தில் செயின் விறைத்து, கியர்பொக்ஸ் பெயாரிங்கை அடிக்கும்.

தொய்வைச் சரிசெய்யப் பின் அச்சு நட்டை முதலில் தளர்த்தும்போதும் கடைசியில் இறுக்கும்போதும் வண்டி தரையில் நிற்கட்டும். 90 நியூட்டன் மீற்றரை அண்டிய இறுக்கத்தை ஸ்டாண்டின் மேல் வைத்து நெம்பினால் கொக்கி நழுவலாம். இறுக்குமுன், ஸ்டாண்டில் இருக்கும்போதே சுருட்டிய சீலையைச் செயினுக்கும் பின் ஸ்ப்ரொக்கட்டுக்கும் நடுவே வைத்துச் சில்லைப் பின்னோக்கிச் சற்றுத் திருப்புங்கள். அச்சு இரண்டு பக்க அட்ஜஸ்டரிலும் (தொய்வைச் சரிசெய்யும் திருகுகளில்) ஒட்டி நிற்கும். பிறகு நட்டைக் கையால் பிடிக்குமளவு முடுக்கிவிட்டு இறக்குங்கள்.

ஸ்டாண்ட் வாங்குமுன் செயினையும் ஒரு தரம் அளந்துவிடுங்கள். 520 என்ற அளவுச் செயினில் 20 இணைப்பு புதிதாக இருக்கையில் 317.5 மி.மீ. கவசாகி 323 மி.மீ. வரை விடுகிறது, சுசுகி 319.4இலேயே மாற்றச் சொல்கிறது. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் காசு முதலில் செயினுக்கும் இரண்டு ஸ்ப்ரொக்கட்டுக்கும் போகட்டும், ஸ்டாண்ட் பிறகு.

இந்த ஸ்டாண்டின் பெரிய குறை பூச்சு. வெல்டிங் மூலைகளில் பெயின்ட் மெல்லிதாகத்தான் ஏறியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் தகடாகக் கழன்று, அடியில் பழுப்புத் தூள் கொட்டும். குழாய் முனைகளின் பிளாஸ்டிக் மூடிகளும் இலேசாகக் கழன்றுவிடும், மழைநீர் உள்ளே நின்று குழாயை உள்ளிருந்து தின்னும். வாங்கிய கையோடு மூலைகளை அரத்தாளால் தேய்த்து, ரெட் ஒக்சைட் ஒரு பூச்சு, காய்ந்ததும் எனாமல் இரண்டு பூச்சு அடித்து, மூடிகளை சிலிக்கோனால் ஒட்டிவிடுங்கள். நவம்பரில் மழை பிடிக்குமுன் இதை முடித்துவிடுவது நல்லது.