காசிமேட்டு அவுட்போர்டு பட்டறை: ஓட்டிப் பார்த்து உயரம் வைப்பவர்

போட்டின் பின்பலகையில் வெளியே தொங்கும் அவுட்போர்டு இன்ஜினை மாட்டித்தர சென்னையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மாட்டிய உயரம் சரிதானா என்று தண்ணீரில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறவர்தான் அரிது. காசிமேட்டில், எஸ்.என். செட்டி தெரு பக்கம், வலையும் கயிறும் விற்கிற கடைகளுக்கு நடுவே பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. இந்த ஒரு வேலைக்காகவே அங்கே போகலாம்.

என்னுடையது 16 அடி பைபர் போட், எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் நிற்கிறது. லீவு நாளில் நானும் மச்சானும் கழிமுகத்தில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுவோம். (மாட்டுவது பெரும்பாலும் கெளுத்திதான்.) இன்ஜின் 9.9 குதிரைசக்தி, ஃபோர் ஸ்ட்ரோக், லாங் ஷாஃப்ட், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கால் நீளமான ரகம். விற்ற கடைக்காரர் அதைப் பின்பலகையில் தொங்கவிட்டு, கிளாம்பை முறுக்கி, கை குலுக்கி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து போட் இழுவையாகவே ஓடியது. வேகம் கொடுத்தால் இன்ஜின் காலைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சி அமரத்தில் நாம் உட்காரும் இடத்தில் விழும். கைப்பிடி ஒரு பக்கமாக இழுக்கும். எண்ணூர் கழிமுகத்தில் ஆழமே குறைவு, அனல்மின் நிலையச் சாம்பல் வேறு படிந்து கிடக்கிறது. புரொப்பெல்லருக்குக் கீழே நீட்டியிருக்கும் துடுப்பு மாதிரியான பாகம் சேற்றில் உரசாத நாளே இல்லை. கடைக்காரரிடம் கேட்டால் "புது இன்ஜின் சார், ஓட ஓட சரியாயிடும்" என்றார்.

காசிமேட்டு மெக்கானிக் நெட்டுக்குப்பத்துக்கே வந்தார். இன்ஜினைத் தொடவில்லை. முதலில் பின்பலகையின் உயரத்தை டேப்பில் பார்த்தார்: 18 இஞ்ச். லாங் ஷாஃப்ட் என்பது 20 இஞ்ச் பலகைக்காகச் செய்தது. அப்புறம் ஒரு நேரான அலுமினியச் சட்டத்தைப் போட்டின் அடியில், நடுக்கோட்டோடு ஒட்டிப் பிடித்து, இன்ஜின் பக்கமாக நீட்டினார். இன்ஜினை நேராக நிறுத்தினால், புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக இருக்கும் கேவிட்டேஷன் பிளேட் அந்தச் சட்டத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக வர வேண்டும். என்னுடையது இரண்டு இஞ்சுக்கும் கொஞ்சம் அதிகமாகவே கீழே இருந்தது. அந்த இரண்டு இஞ்சும் சும்மா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிற பாரம். பெட்ரோல் அதில்தான் போகிறது.

"அப்போ இரண்டு இஞ்ச் தூக்கிடலாமாண்ணா?" என்று கேட்டேன்.

"தரையில பாத்தது பாதி கணக்கு தம்பி. தண்ணி சொல்லட்டும்."

தேக்குக் கட்டைகளை வெவ்வேறு தடிமனில் அறுத்துக் கொண்டுவந்திருந்தார். பலகையின் மேல்விளிம்பில் ஒன்றரை இஞ்ச் கட்டையை வைத்து, அதன் மேல் இன்ஜினை உட்கார வைத்தார். வழக்கமாக ஏற்றும் ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன், நாங்கள் இரண்டு பேர் எல்லாம் ஏறிய பிறகே கிளப்பினார். காலி போட்டில் பார்த்தால் அமரம் தூக்கி நிற்கும், அந்த அளவு நம் வேலைக்கு உதவாது என்றார். பிளக் வயரில் ஒரு சின்ன ஆர்பிஎம் மீட்டரை, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவதை, சுற்றி வைத்தார். கையேட்டில் முழு வேகத்துக்கு 5,000 முதல் 6,000 வரை என்று போட்டிருக்கிறது. கட்டை வைப்பதற்கு முன்பு முழுக்கத் திருகியும் 4,800 தாண்டவில்லை. கட்டை வைத்ததும் 5,400. என் போன் ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 17 கிலோமீட்டர் காட்டியது 20 ஆனது. பீய்ச்சலும் நின்றது.

நான் அத்தோடு திருப்தியாகியிருப்பேன். அவர் விடவில்லை, இன்னும் ஒரு இஞ்ச் ஏற்றினார். நேராக ஓடும்போது அருமையாக இருந்தது. முகத்துவாரத்தின் அலையில் சட்டென்று திருப்பியதும் புரொப்பெல்லர் காற்றை இழுத்துக்கொண்டு, வெறும் மிக்ஸி ஓடுகிற மாதிரி கத்தியது. சத்தம் ஏறுகிறது, போட் நகரவில்லை. அப்போது அவர் பார்த்தது மீட்டரை அல்ல, இன்ஜினின் பக்கவாட்டில் ஊசியாக விழும் குளிர்விப்புத் தண்ணீரை. அது விட்டுவிட்டு வந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கிற துளைகள் பிளேட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. இன்ஜின் காலை அளவுக்கு மேல் தூக்கினால் அவையும் காற்றைக் குடிக்கும், பம்பின் ரப்பர் சக்கரம் கருகும், இன்ஜின் சூடேறிப் படுத்துவிடும். கடைசியில் பிளேட் போட்டின் அடிமட்டத்துக்கு முக்கால் இஞ்ச் கீழே இருக்கும்படி ஒன்றரை இஞ்ச் கட்டைக்கே திரும்பினார். அலையில்லாத ஏரியில் ஓட்டுகிறவருக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பாராம்.

கிளாம்புத் திருகை மட்டும் நம்பி விடாததும் எனக்குப் பிடித்தது. அதிர்வில் அது தளரும். பலகையை ஊடுருவி இரண்டு ஸ்டெயின்லெஸ் போல்ட், உள்பக்கம் பெரிய வாஷர், போதாதென்று ஒரு சங்கிலி.

குறையும் உண்டு. போல்ட் ஓட்டைகளில் பூசிய சீலன்ட் மட்டமான சரக்கு. பைபருக்குள்ளே இருப்பது ப்ளைவுட். உப்புத்தண்ணீர் ஓட்டை வழியாக இறங்கினால் வெளியே தெரியாமலே பலகை உளுத்துப்போகும். நான் போல்ட்டைக் கழற்றி, மரைன் சீலன்ட் வாங்கி மறுபடி பூசினேன். கூலி வாங்குகிறவர் இதையும் ஒழுங்காகச் செய்திருக்கலாம், கேட்டதற்கு "அதெல்லாம் போதும்" என்கிற பதில்தான். பில் கிடையாது. சொன்ன நாளுக்கு வரவும் மாட்டார், இரண்டு முறை போன் அடித்து நினைவுபடுத்த வேண்டும்.

கூலி 1,800 ரூபாய், கட்டையும் போல்ட்டும் சேர்த்து. எண்ணூர் வரை வந்துபோன செலவு தனி. நீங்களே இன்ஜினை மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகலாம்தான், ஆனால் போட் இல்லாமல் இன்ஜினை மட்டும் பார்த்து அவர் எதுவும் சொல்லமாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போகாதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், காசிமேட்டுப் பட்டறைகள் மொத்தமும் அவற்றின் வேலையில் இருக்கும், நம் சின்ன இன்ஜினைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. மற்ற நாட்களிலும் காலையில் மீன் ஏலக் கூட்டம் கலைந்த பிறகு போனால்தான் நின்று பேச முடியும். இன்ஜின் கையேட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், ஆர்பிஎம் அளவை அதைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்வார்.