தார்த் தடமா, மணல்மேடா: லாரிப் பந்தயத்தில் எதைப் பார்ப்பது?

நெடுஞ்சாலையில் பின்னால் டிரெய்லர் லாரியின் ஹாரன் கேட்டால் ஒதுங்கி வழிவிடுவதுதான் நமக்குப் பழக்கம். அந்த லாரியின் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, முன்வண்டியை மட்டும் ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் முறுக்கேற்றி, அதுபோன்ற பத்துப் பதினைந்து வண்டிகளோடு ஒரே வளைவுக்குள் நுழைய விடுவதே ஐரோப்பிய லாரிப் பந்தயச் சாம்பியன்ஷிப். இதற்குப் போட்டியாகச் சொல்லத்தக்கது, பாலைவனத்தின் ஊடே இரண்டு வாரங்கள் நடக்கும் நெடுந்தூர வாகனப் பந்தயமான டக்கார் பேரணியின் லாரிப் பிரிவு. அங்கே ஓடுபவை எல்லாச் சக்கரங்களுக்கும் விசை செல்லும், பின்கூடு பொருத்திய லாரிகள். லாரிப் பந்தயத்தின் விறுவிறுப்பைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர் பலர். இரண்டும் தரும் சிலிர்ப்போ முற்றிலும் வேறு.

ஐரோப்பியப் போட்டியின் உச்ச வேகம் மணிக்கு 160 கி.மீ. மட்டுமே, பாதுகாப்புக்காக விதியே அப்படி வரையறுத்திருக்கிறது. இதைக் கேட்டவுடன் உதட்டைப் பிதுக்குவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து டன் எடையுள்ள லாரி 160 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றலை, 800 கிலோ எடையுள்ள ஃபார்முலா ஒன் கார் எட்ட வேண்டுமென்றால் அது 400 கி.மீ. வேகத்தில் பறக்க வேண்டும். அவ்வளவு ஆற்றலையும் வளைவுக்கு முன்னே உள்ள சிறிது தூரத்தில் பிரேக் வட்டுகள் விழுங்கியாக வேண்டும். காற்று மட்டும் அவற்றைக் குளிர்விக்கப் போதாது என்பதால், ஒவ்வொரு லாரியும் ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீரைச் சுமந்து சென்று, பிரேக் பிடிக்கும்போது வட்டுகளின்மேல் பீய்ச்சுகிறது. வளைவுக்கு வளைவு சக்கரங்களிலிருந்து வெண்ணிற நீராவி கிளம்புவது அதனால்தான். முதன்முறை பார்ப்பவர்கள் வண்டி தீப்பிடித்துவிட்டதோ என்று பதறுவதும் உண்டு.

அந்த வேக வரம்பு இன்னொரு நன்மையையும் செய்கிறது. நேர்பாதையில் எல்லா லாரிகளும் விரைவிலேயே 160-ஐத் தொட்டுவிடுகின்றன. அதற்குமேல் என்ஜின் பலம் பயன்படாது. ஆகவே முந்துவதென்றால் பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கும் துணிச்சலிலும், வளைவிலிருந்து வெளியேறும் நேர்த்தியிலும்தான் முந்த முடியும். இரண்டரை மீட்டர் அகலமுள்ள இரண்டு வண்டிகள் அருகருகே நுழைந்தால் தடத்தில் மூன்றாவதற்கு இடமே இராது. உரசல் அங்கே அன்றாடச் செய்தி. ஒரு வார இறுதியில் நான்கு பந்தயங்கள் நடைபெறுகின்றன. முதல் பந்தயத்தில் முதல் எட்டு இடங்களைப் பிடித்தவர்கள் அடுத்ததில் தலைகீழ் வரிசையில் புறப்பட வேண்டும் என்பதால், வென்றவர் எட்டாவதாக நின்று மறுபடியும் முட்டி மோதி மேலே வர வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் யோகன் ஹானும் ஹங்கேரியின் நோர்பெர்ட் கிஷ்ஷும் ஆண்டுக்கணக்கில் பட்டங்களை அள்ளிய பின்னும் பந்தயங்கள் சலிக்காமல் இருப்பதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

டக்காரில் அப்படி எந்தச் சமன்செய்தலும் இல்லை. ரஷ்யாவின் காமாஸ் நிறுவனம் அந்தப் பிரிவைப் பல ஆண்டுகள் தன் சொத்தாகவே வைத்திருந்தது. விளாதிமீர் சாகின் மட்டும் ஏழு முறை வென்றார். 2022-இல் முதல் நான்கு இடங்களும் காமாஸுக்கே போயின. அதே சமயம், தார்த் தடத்தால் தர முடியாத ஒன்று டக்காரிடம் இருக்கிறது: இரண்டு வாரங்களின் நிச்சயமின்மை. ஓட்டுநர், வழிகாட்டி, மெக்கானிக் என மூவர் ஒரே கூண்டில் அமர்ந்து, வழியில் எது உடைந்தாலும் தாங்களே சரிசெய்துகொண்டு, மணல்மேட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அதன் உச்சியைத் தாண்டுகிறார்கள்.

அதன் கதைகளும் பெரியவை. நெதர்லாந்தின் யான் டி ராய் இரட்டை என்ஜின் பொருத்திய டாஃப் லாரியில் 1987-இல் வென்றார். மறு ஆண்டு அவருடைய லாரி பாலைவனத்தில், கார் பிரிவில் ஓடிய ஃபின்லாந்து ஓட்டுநர் ஆரி வாட்டனெனின் பூஜோ காரையே முந்திச் சென்றது; லாரி உலகம் இன்றும் பேசும் காட்சி அது. அதே 1988 பேரணியில்தான் அணியின் இன்னொரு லாரி அதிவேகத்தில் உருண்டு வழிகாட்டி ஒருவர் உயிரிழந்தார். டாஃப் உடனே விலகியது, 1989-இல் லாரிப் பிரிவே நடைபெறவில்லை. இன்று அங்கும் வேக வரம்பு உண்டு. டி ராயின் மகன் ஜெரார்ட் 2012-இலும் 2016-இலும் இவெகோ லாரியில் வென்று குடும்பக் கணக்கைத் தொடர்ந்தார்.

மற்ற வடிவங்களில் பிரேசிலின் கோப்பா டிரக் ஐரோப்பியப் போட்டிக்கு நெருங்கிய உறவு. டாடா நிறுவனம் 2014-இல் கிரேட்டர் நொய்டாவின் புத்தா தடத்தில் தொடங்கிய டி1 பிரிமா பந்தயம் இந்திய ரசிகர்களுக்கு இதன் சுவையைக் காட்டியது. சில ஆண்டுகளே நீடித்தது.

திரையில் தொடர்வதானால் என் வாக்கு டக்காருக்கு. நேரில் அங்கே கிடைப்பது ஒரு நிமிடப் புழுதியும் அடுத்த லாரிக்கான நீண்ட காத்திருப்பும்தான். பயணம் போய்ப் பார்க்க விரும்புபவர் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கையோ பிரான்ஸின் லே மான்ஸையோ தேர்ந்தெடுக்கலாம். லே மான்ஸ் விழாவின் பெயரில் ‘24 மணி நேரம்’ என்று இருப்பதைப் பார்த்து யாரும் இரவு விழிக்கத் தயாராக வேண்டாம். பந்தயங்கள் ஒவ்வொன்றும் குறுகியவையே. இருக்கையை மட்டும் நேர்பாதையில் வாங்காமல், அதன் முடிவில் வரும் கூர்மையான வளைவின் அருகே வாங்குவது நல்லது. நீராவி அங்கேதான் எழும்.