ஆல்பம் ரெடி, வீடியோ எது? கதை வீடியோ, லைவ் செஷன், லிரிக் வீடியோ: ஒரு ஒப்பீட்டு அலசல்

எட்டுப் பாட்டு மிக்ஸிங் முடிந்து கையில் இருக்கிறது. வீடியோவுக்கு ஒதுக்கிய பணமோ ஒரு நாள் படப்பிடிப்புக்குத்தான் காணும். சுயாதீனக் கலைஞர்கள் பலர் இந்தக் கட்டத்தில் மொத்தப் பணத்தையும் முதல் பாட்டின் கதை வீடியோவில் கொட்டிவிடுகிறார்கள். மீதி ஏழு பாட்டுக்கும் காட்ட ஒன்றுமில்லாமல் போகிறது. மேடையில் சேர்ந்து வாசித்துப் பழகிய குழு என்றால் எங்கள் ஓட்டு லைவ் செஷனுக்குத்தான் (குழு சேர்ந்து வாசிப்பதை அப்படியே படமும் ஒலியுமாகப் பதிவது). கணினியிலேயே உருவான பாட்டு, தனி ஒருவரின் தயாரிப்பு என்றால் கணக்கு மாறும்.

கதை வீடியோவிலிருந்து தொடங்குவோம். இதில் பணத்தை விழுங்குவது கேமரா அல்ல, இடம் மாறுவதுதான். சாமான்களைக் கட்டி, ஏற்றி, இறக்கி, லைட் வைத்து முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். ஒரு நாளுக்கு இரண்டு இடத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள். முதலில் பாடகர் முழுப் பாட்டையும் பாடுவதை தூரம், நடுத்தரம், நெருக்கம் என்று மூன்று அளவில் எடுத்துவிட்டு, அப்புறம் கதைக் காட்சிக்குப் போங்கள். நேரம் தீர்ந்து கதையில் பாதி விட்டுப்போனாலும் எடிட்டர் பாட்டை வைத்தே ஒப்பேற்றிவிடுவார். கதையை முதலில் எடுத்து, பாட்டு விட்டுப்போனால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

அடுத்து ப்ளேபேக், அதாவது பாடகர் உதடசைப்பதற்காகப் படப்பிடிப்பில் ஓடவிடும் பாட்டு. பாட்டின் நீளமும் வேகமும் இறுதியாகாமல் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) 4/4 தாளத்தில் (ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நான்கு தட்டு) போகும் பாட்டில், பிறகு இரண்டு பார் வெட்டினால் 4 விநாடி காணாமல் போகும். அதையாவது எடிட்டில் சமாளிக்கலாம். வேகத்தை 121 ஆக்கினால் நான்கு நிமிடப் பாட்டு முடியும்போது ஏறக்குறைய 2 விநாடி விலகியிருக்கும். உதடு எங்குமே ஒட்டாது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று தனித்தனி ப்ளேபேக் துண்டுகள் தயாரித்து, ஒவ்வொன்றின் முன்னாலும் நான்கு க்ளிக் (தாளத்தைக் காட்டும் 'டிக்' ஒலி) எண்ணிக்கை வையுங்கள். கேமராவின் சொந்த மைக்கை அணைக்காதீர்கள். அந்தச் சுமாரான ஒலிதான் எடிட்டில் சிங்க் பிடிக்க (படத்தையும் ஒலியையும் ஒத்துப்போக வைக்க) உதவும். ஸ்பீக்கர் பாடகருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்: விநாடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் ஒரு ஃப்ரேம் நேரத்துக்குள் ஒலி கடக்கும் தூரம் சுமார் 14 மீட்டர்தான். மைதானத்தின் மறுமுனையில் நிற்கும் டிரம்மர் தாமதமாக அடிப்பதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்லோ மோஷனில் உதடு சரியாக அசைய வேண்டுமா? 24 ஃப்ரேம் வீடியோவுக்கு 48 ஃப்ரேமில் எடுத்து, பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பாடச் சொல்ல வேண்டும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டித் தந்தால் பாடகருக்கு எளிது. சொற்கள் நெருக்கமாக வரும் ராப் பாட்டுக்கு இது சரிப்படாது. 36 ஃப்ரேம், ஒன்றரை மடங்கு வேகம் என்று அடக்கிக்கொள்ளுங்கள்.

லைவ் செஷனில் ஒரே நாளில் மூன்று, நான்கு பாட்டு கிடைக்கும். இடம் ஒன்று, லைட் ஒன்று, செட்டப் ஒரு தடவை. டிரம்ஸுக்கு நான்கு மைக் (கிக், ஸ்னேர், மேலே இரண்டு), பேஸுக்கு டிஐ (கருவியை மைக் இல்லாமல் நேரடியாக இணைக்கும் பெட்டி), கிடார் ஆம்புக்கு ஒன்று, கீபோர்டுக்கு இரண்டு லைன், குரல் இரண்டு: பத்து சேனலில் முடிந்துவிடும். 16 சேனல் இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் கருவி) வாடகைக்கு எடுத்தால் தாராளம்.

இதன் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான். பாடகர் மேடையில் நிற்பதுபோல் டிரம்ஸுக்கு முதுகு காட்டி நின்றால், அவருடைய மைக்கின் வாய் நேராக டிரம்ஸைப் பார்க்கும். குரல் ட்ராக் முழுக்க சிம்பல் சத்தம் ஏறிவிடும். பாடகரை டிரம்மரைப் பார்த்து நிற்க வைத்தால் கார்டியாய்ட் மைக்கின் (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் மைக்) முதுகு டிரம்ஸ் பக்கம் திரும்பும், கசிவு வெகுவாகக் குறையும். எல்லோரும் வட்டமாக நின்று வாசிப்பது அழகுக்காக மட்டுமல்ல. கேமராக்கள் ஆட்களுக்கு இடையே புகுந்து எடுக்கட்டும்.

கசிவு இருந்தால் சுருதித் திருத்தமும் கைகொடுக்காது. குரலை நகர்த்தும்போது அதோடு சேர்ந்த சிம்பலும் நெளியும். பழைய தப்பான சுருதியோ டிரம்ஸ் மைக்கில் மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் பாடியது பிசகினால் அங்கேயே அடுத்த டேக் போக வேண்டும். பாட்டுக்கு மூன்று டேக் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான்காவதில் குரல் களைத்துவிடும். க்ளிக்கோடு வாசித்தால் ஒரு டேக்கின் பல்லவியையும் இன்னொன்றின் சரணத்தையும் ஒட்டலாம். க்ளிக் இல்லையென்றால் வேகம் டேக்குக்கு டேக் மாறும், முழு நிறுத்தம் வரும் இடத்தில் மட்டுமே வெட்ட முடியும்.

சிங்க் விஷயத்தில் மூன்று பொறிகள். ஒன்று, ரெக்கார்டரும் கேமராவும் தத்தம் கடிகாரத்தில் ஓடுபவை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே அரை மணி நேரத்தில் 90 மில்லிவிநாடி, அதாவது இரண்டு ஃப்ரேமுக்கு மேல் விலகிவிடும். நான்கு நிமிடப் பாட்டில் அது தெரியாது. ஆகவே பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி, மறுபடி கை தட்டித் தொடங்குங்கள். இரண்டு, ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். 44.1இல் பதிவானதை மென்பொருள் 48 என்று எடுத்துக்கொண்டால் பாட்டு வேகம் கூடி, சுருதி ஒன்றரை செமிடோன் ஏறிவிடும். மூன்று, ஃபோனில் எடுத்த காட்சியில் ஃப்ரேம் வேகம் ஒரே சீராக இருக்காது. எடிட்டுக்கு முன் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றாவிட்டால் போகப்போக உதடு ஒட்டாமல் போகும்.

இன்னொரு லாபமும் உண்டு. லைவ் பதிவு சட்டப்படி புதிய ஒலிப்பதிவு. அதற்குத் தனி ஐஎஸ்ஆர்சி (ஒலிப்பதிவின் அடையாள எண்) வாங்கி, பின்னால் லைவ் இபியாகவே (சில பாட்டுகள் கொண்ட சிறு ஆல்பம்) வெளியிடலாம். கதை வீடியோவில் ஒலிப்பது ஆல்பத்தில் உள்ள அதே பதிவு, அதை வைத்து இன்னொரு வெளியீடு வராது.

லிரிக் வீடியோ (பாட்டு வரிகள் திரையில் தோன்றும் வீடியோ) மூன்றிலும் மலிவு. பாட்டின் ஒரு வரி மட்டும் நினைவிருந்து தேடி வருகிறவர்கள் வந்து சேரும் இடமும் இதுவே, அதனால் வீடியோ விவரத்தில் முழு வரிகளையும் எழுத்தாகப் போடுங்கள். வரி, குரலுக்கு இரண்டு மூன்று ஃப்ரேம் முன்னால் தோன்றினால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும். தமிழ் எழுத்தில் கூடுதல் கவனம் தேவை. எழுத்து எழுத்தாகத் தோன்றும் அனிமேஷன் போட்டால், 'கொ' என்பதில் கொம்பு தனியாக, 'க' தனியாக, கால் தனியாக வந்து விழும். சொல் சொல்லாக நகர்த்துங்கள். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுத்த பிறகே தட்டச்சு செய்யுங்கள். அட்டைப்படத்தை மட்டும் அசையவிடும் விஷுவலைசருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். யூடியூபின் டாபிக் சேனலில் (கலைஞர் பெயரில் யூடியூபே உருவாக்கும் சேனல்) அட்டைப்படத்தோடு பாட்டு எப்படியும் தானாக வந்துவிடும்.

எந்த வீடியோ என்பது வெளியிடும் முறையையும் சார்ந்தது. எட்டுப் பாட்டையும் ஒரே நாளில் விடுவது ஒரு வழி, நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) விட்டு ஆல்பத்துக்கு வருவது இன்னொரு வழி. ஸ்பாட்டிஃபையில் ப்ளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் பரிந்துரைக்க முடியும், அதுவும் வெளிவருவதற்கு முன்னால். குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பினால் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாரில் (புதுப் பாட்டுகளின் பட்டியல்) அந்தப் பாட்டு வரும். ஒரே நாளில் விட்டால் ஒரு வாய்ப்பு, சிங்கிள்களாக விட்டால் நான்கு. சிங்கிளாக வந்த பாட்டை ஆல்பத்தில் சேர்க்கும்போது அதே ஒலிக்கோப்பும் அதே ஐஎஸ்ஆர்சியும் இருக்கட்டும், அப்போதுதான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில்லாமல் ஓடும் ஆல்பமாக இருந்தால் மட்டும் இது பொருந்தாது, மொத்தமாக விடுவதே நல்லது.

லைவ் செஷனின் பாட்டுகள் சிங்கிள் முறையோடு கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ஸ்டுடியோ சிங்கிள், இரண்டு வாரம் கழித்து அதன் லைவ் வீடியோ. திருப்பிப் போட்டால், வீடியோ பிடித்துப்போய்த் தேடுகிறவருக்குப் பாட்டு எங்கும் கிடைக்காது. அதே படப்பிடிப்பில் செங்குத்தாகச் சில காட்சிகளும் எடுத்து வையுங்கள். ஸ்பாட்டிஃபை கேன்வாஸுக்கு (பாட்டு ஓடும்போது திரையில் திரும்பத் திரும்ப வரும் சிறு காட்சி) வேண்டியது 9:16 அளவில் 3 முதல் 8 விநாடிதான்.

வருமானத்திலும் வித்தியாசம் உண்டு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், கடந்த 12 மாதத்தில் 1000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. கேட்பவர் குறைவு, ஆனால் விசுவாசமானவர்கள் என்றால் லைவ் இபியை பேண்ட்கேம்பில் (கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் தளம்) விற்பது மேல். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், டி-ஷர்ட், வைனில் இசைத்தட்டு போன்ற பொருள்களில் 10 சதவீதமும் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணம் தனி.

மூன்றுக்கும் பொதுவான ஒரு சிக்கல், கன்டென்ட் ஐடி: உங்கள் பாட்டு எந்த வீடியோவில் வந்தாலும் கண்டுபிடிக்கும் யூடியூப் அமைப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் நிறுவனம்) மூலம் அதில் பாட்டைச் சேர்த்துவிட்டால், உங்கள் வீடியோவுக்கே உரிமைக் கோரல் வரும். வீடியோ ஏற்றுவதற்கு முன்பே உங்கள் சேனலை அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பாட்டில் எல்லோருக்கும் விற்கப்படும் ரெடிமேட் லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துண்டு) இருந்தால் கன்டென்ட் ஐடியில் சேர்க்கவே கூடாது. அதே லூப்பைப் பயன்படுத்திய மற்றவர்களின் வீடியோக்கள் மீதெல்லாம் உங்கள் பெயரில் கோரல் போகும், அவர்கள் எதிர்த்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.