சார்ஜ் ஏறாத லேப்டாப்: ஒரிஜினல், டூப்ளிகேட், பழைய ஒரிஜினல், டைப் சி, எதற்குக் காசு கொடுக்கலாம்?

சார்ஜரைச் செருகியாயிற்று, அடாப்டரில் விளக்கு ஜம்மென்று எரிகிறது, ஆனால் பேட்டரி மட்டும் 23 சதவீதத்தை விட்டு அசையவில்லை. திரையின் மூலையில் ‘ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்’. இரண்டு நாள் ஒயரை இப்படி வளைத்து அப்படி மடித்து, மேலே ஒரு தடித்த டைரியை வைத்து அழுத்தி ஓட்டினேன். மூன்றாம் நாள் எந்தக் கோணத்திலும் ஏறவில்லை. அந்த ஒரு வாரத்தில் விதவிதமான அடாப்டர்களைப் பார்த்துவிட்டேன், அதில் ஒன்றுக்குக் கொடுத்த காசு தண்டம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் முன் கெட்டது அடாப்டர்தானா என்று பார்த்துவிடுங்கள். 60 அல்லது 80 சதவீதத்தில் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் கோளாறே இல்லை. பேட்டரி சீக்கிரம் தேயாமல் இருக்க லெனோவோ, ஏசஸ் போன்ற கம்பெனிகள் வைத்திருக்கும் வரம்பு அது, அவர்களுடைய ஆப்பில் போய் அணைத்தால் ஏறத் தொடங்கும். அடுத்தது சுவரிலிருந்து அடாப்டர் வரை வரும் ஒயர். அது தனியாகக் கழன்று வரும், வேறு லேப்டாப்பின் ஒயரை மாட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்புறம் சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். உள்ளே சார்ஜைக் கவனிக்கும் சிப் குழம்பிப் போயிருந்தால் சில சமயம் இதிலேயே தெளிந்துவிடும். இவை எல்லாவற்றையும்விட உருப்படியான சோதனை, அதே கம்பெனி அடாப்டர் வைத்திருக்கும் யாரிடமாவது பத்து நிமிடம் இரவல் வாங்குவது.

நான் அதைச் செய்யாமல் மல்டிமீட்டரை நம்பினேன். லேப்டாப்பில் செருகும் பின்னில் வைத்துப் பார்த்தால் 19.4 வோல்ட், லேபிளில் போட்டிருப்பது 19.5. அப்படியானால் அடாப்டர் நன்றாக இருக்கிறது, மதர்போர்டு போச்சு என்று நானே தீர்ப்பு எழுதி மனசையும் தேற்றிக்கொண்டேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சால்டரிங் செய்கிறவர் ஒயரைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே வந்து, பின்னுக்கு இரண்டு அங்குலம் முன்னால் நிறுத்தி, சொன்னார்: “கரண்ட் வருது தம்பி, பேச்சு வரல.”

விஷயம் இதுதான். டெல், எச்பி லேப்டாப்புகளின் உருளைப் பின்னுக்குள் நடுவில் ஊசி மாதிரி ஒன்று இருக்கும். லேப்டாப்பை ஓட்டும் மின்சாரம் அதில் வருவதில்லை, அது அடையாளம் சொல்ல மட்டும். டெல் அடாப்டருக்குள் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது, ‘நான் இத்தனை வாட்’ என்று அந்த ஊசி வழியாக லேப்டாப்புக்குச் சொல்கிறது. பதில் வராவிட்டால் லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரிக்கு ஏற்றாது, பிராசஸரையும் மெதுவாக்கிவிடும், ஆன் செய்யும்போது அடாப்டர் வகை தெரியவில்லை என்று எச்சரிக்கையும் காட்டும். லெனோவோவின் செவ்வகப் பின்னில் சிப்புக்குப் பதில் ஒரு ரெசிஸ்டர், வேலை அதேதான். இந்த அடையாள ஒயர் மற்றதைவிட மெல்லிசு, பின்னை ஒட்டிய இடத்தில் மடிந்து மடிந்து அது முதலில் அறுந்துவிடும், வோல்ட் மட்டும் ஒழுங்காகக் காட்டிக்கொண்டே இருக்கும். மீட்டர் முனையால் நடு ஊசியையும் உள்கூட்டையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் நல்ல சிப்பும் போய்விடும், ஜாக்கிரதை.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருவோம். என்னுடையது 65 வாட். நான் விசாரித்த அன்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது ஒரிஜினல் கிட்டத்தட்ட 3,000 ரூபாய், கடையில் ‘கம்பேட்டிபிள்’ என்று மரியாதையாகச் சொல்லப்படும் டூப்ளிகேட் 750, பழைய ஒரிஜினல் 900, ஒயரை மட்டும் மாற்றினால் 250.

புது ஒரிஜினலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாரண்டி இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள், காசு இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள். ஆன்லைனில் ‘ஒரிஜினல்’ என்று பெரிய எழுத்தில் போட்டுப் பாதி விலைக்கு வருவது ஒரிஜினல் அல்ல.

டூப்ளிகேட்டில்தான் நான் மாட்டினேன். வாங்கும்போது கடையில் செருகிக் காட்டினார்கள், சார்ஜ் ஏறியது, சந்தோஷமாக வந்துவிட்டேன். வீட்டில் அரை மணி நேரத்தில் அதைக் கையில் பிடிக்க முடியவில்லை. காதருகே வைத்தால் மெல்லிய கிர்ர் சத்தம். சார்ஜ் ஏறும்போது மட்டும் டச்பேடில் அம்புக்குறி தானாகத் துள்ளும், நான் ஒரு ஃபைலைத் திறக்கப் போனால் அது பக்கத்து ஃபைலைத் திறக்கும், பிடுங்கினால் உடனே சாது. அடாப்டரிலிருந்து வரும் மின்சாரம் சுத்தமாக இல்லையென்றால் விரலின் தொடுதலையும் அந்த இரைச்சலையும் டச்பேடால் பிரித்தறிய முடியாது, அதுதான் காரணம். எல்லா டூப்ளிகேட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன், அடையாளச் சிப்பையும் சேர்த்து ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பத்துப் பின்னோடு வரும் ‘யுனிவர்சல்’ பெட்டியை மட்டும் தொடாதீர்கள், அதில் பலவற்றுக்கு இந்தப் பேச்சே தெரியாது. புது அடாப்டர் எதுவானாலும் லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். என்னுடையதில் எண் இருந்த இடத்தில் ஏதோ கோலம் மாதிரி ஒரு அச்சு.

என் ஓட்டு பழைய ஒரிஜினலுக்கு. ஆபீஸ்கள் லேப்டாப்புகளை மொத்தமாகக் கழிக்கும்போது சார்ஜர்களும் சேர்ந்து வருகின்றன, அதனால் சரக்குக்குப் பஞ்சமில்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட் கம்பெனி போட்டது, அடையாளம் சரியாகச் சொல்லும், சூடும் அளவோடு. அதில் தேய்வது பெரும்பாலும் ஒயர்தான், ஒயரைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்: இரண்டு முனையிலும் விரிசலோ உப்பலோ இருக்கக் கூடாது, ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதும் கலகலவென்று உருளக் கூடாது, பெட்டியில் பிரித்து ஒட்டிய தடம் தெரியக் கூடாது. பேட்டரியைக் காலியாக்கிக்கொண்டு போய்க் கடையிலேயே இருபது நிமிடம் ஏற்றிப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை. என்னிடம் ஒருவர் 90 வாட் அடாப்டரை நீட்டினார், ‘ஆம்பியர் அதிகமாச்சே, லேப்டாப் எரிஞ்சிடாதா?’ என்று கேட்டேன், சிரித்தார். வோல்ட்தான் பொருந்த வேண்டும், ஆம்பியர் லேப்டாப்போடு வந்த அடாப்டரின் லேபிளில் உள்ளதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம். லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். 19.5 வோல்டில் 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட், 4.62 என்றால் 90. குறைவாக இருந்தால்தான் வம்பு, அடாப்டர் தவிக்கும்.

ஒயர் மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் மலிவு. பெட்டி நன்றாக இருந்து பின்னை ஒட்டிய ஒயர் மட்டும் அறுந்திருந்தால் நல்ல வழியும்கூட, அடையாள ஒயரையும் சேர்த்துச் சால்டர் செய்யத் தெரிந்தவர் கிடைத்தால். இரண்டு ஒயரை மட்டும் முறுக்கி டேப் சுற்றிக் கொடுப்பவரிடம் போனால் பழைய கதைதான் திரும்பும். வீட்டில் பெட்டியை உடைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது இறங்காது.

டைப் சி? உங்கள் லேப்டாப்பின் டைப் சி துளை சார்ஜையும் ஏற்குமானால் இந்த அடாப்டர் வேட்டையே தேவையில்லை, 65 வாட் பவர் டெலிவரி (டைப் சி வழியாகக் கூடுதல் வோல்ட் தரும் முறை) சார்ஜர் ஒன்று போதும். துளை இருப்பதாலேயே சார்ஜ் ஏறும் என்று அர்த்தமில்லை, சிலவற்றில் பென் டிரைவ் மட்டும்தான் வேலை செய்யும், மாடல் விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜர் பெரும்பாலும் லேப்டாப் கேட்கும் 20 வோல்ட் தராது, அதனால் அதைச் செருகிவிட்டு ஏறவில்லை என்று புலம்பக் கூடாது. ஒயரும் முக்கியம், சாதாரண டைப் சி ஒயர் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான், அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் என்று குறித்த ஒயர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் லேப்டாப்புகளுக்கும் டைப் சி கட்டாயம் என்பதால் உருளைப் பின் மெல்லக் காணாமல் போகும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் டைப் சியில் ஒரு வலி இருக்கிறது. உருளைப் பின்னுக்கான ஜாக் பல மாடல்களில் தனி ஒயரோடு வரும், லூசானால் கழற்றி வேறு போட்டுவிடலாம். டைப் சி துளையைப் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அது ஆட ஆரம்பித்தால் செலவு வேறு கணக்கு. என் தங்கை மெத்தையில் சாய்ந்து, ஒயர் செருகிய பக்கம் தலையணையில் இடிக்க இடிக்க வேலை பார்ப்பவள். எல் வடிவ முனை உள்ள ஒயர் ஒன்று வாங்கு என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். “சரிண்ணா” என்கிறாள், தலையணை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.