சிறுதேர்வா, செய்முறைப் பணியா? நடுநிலை வகுப்பு அறிவியலுக்கு எது கைகொடுக்கும்

தமிழ்நாட்டில் 2012-13இல் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை, ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள்: செயல்பாட்டுக்கு 20, சிறுதேர்வுக்கு 20. அந்தச் செயல்பாட்டு 20, சார்ட் ஒட்டினாலே கிடைத்துவிடும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்த கதைதான்.

சிறுதேர்வு ஒரு பீரியடில் முடியும், அன்றைக்கே திருத்தலாம், பெற்றோரும் மதிப்பெண்ணை ஏன் என்று கேட்க மாட்டார்கள். அலகு, வரையறை, சூத்திரம் பார்க்க அதுவே போதும். 'கடல்நீரில் உப்பு உண்டா' என்று கடலோரத்துப் பாம்பன் பிள்ளையிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? அதனால் நாங்கள் எடுத்தது செய்முறைப் பணி.

வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா), ஊருணி என மூன்று இடத்துத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் 100 மி.லி. வெறும் எவர்சில்வர் கிண்ணத்தை எடைபோட்டு, தண்ணீர் ஊற்றி வற்றவைத்து, மறுபடி எடைபோட வேண்டும். அடுப்பைக் கையாள்வது ஆசிரியர் மட்டுமே. கடைசி இரண்டு ஸ்பூன் தண்ணீரில் உப்பு வெடித்துத் தெறிக்கும், எடை குறைந்துவிடும். அப்போதே தணலைக் குறைத்து, மீதியை வெயிலில் காயவிட வேண்டும். சரியாகக் காயாத உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், எடை கூடிவிடும். கடல்நீரில் சுமார் 3.5 கிராம் நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் வடகடலில் உப்பு குறையும் என்பதால் போன வருட விடையைப் பார்த்து எழுத முடியாது.

பிள்ளையின் புரிதல் வெளிப்படுவது ஊருணித் தண்ணீரில். 0.1 கிராம் வரை காட்டும் தராசில் அது பெரும்பாலும் 0 என்றே வரும். 'உப்பே இல்லை' என்று எழுதுகிறவர் ஒரு ரகம். 'கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் படலம் இருக்கிறது, தராசுக்குத்தான் தெரியவில்லை' என்று எழுதுகிறவர் வேறு ரகம். ஒரு மதிப்பெண் வினா இந்த இருவரையும் பிரித்துக் காட்டாது.

இதெல்லாம் சரி, செய்முறைப் பணி படுத்துவிடுவது திருத்தும் இடத்தில். 12 வரி அளவுகோல் (எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியல்) வைத்து ஒரு நோட்டுக்கு 8 நிமிடம் என்றால் 40 பேருக்கு 320 நிமிடம். மூன்றாவது நாள் கை சலித்து எல்லோருக்கும் பத்துக்கு 7 விழும். நோட்டு திரும்பி வருவதற்குள் பாடம் நகர்ந்திருக்கும். ஆகவே அளவுகோல் நாலு வரிக்கு மேல் வேண்டாம்: அளவீடு 3, பதிவு 2, கணக்கு 2, காரணம் 3. 3 நிமிடத்தில் ஒரு நோட்டு, 40க்கு 2 மணி நேரம். 'நன்று', 'சுமார்' என்றெல்லாம் வரிகளில் எழுதக் கூடாது. 'வெறும் கிண்ணத்தின் எடையைக் கழித்திருக்கிறாரா' என்று ஆம், இல்லையில் முடியும்படி எழுத வேண்டும். முதல் ஐந்து நோட்டை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். 2 மதிப்பெண்ணுக்கு மேல் இடித்தால் தப்பு அளவுகோலில். எழுத்துப்பிழைக்கு இங்கே மதிப்பெண் வெட்டவே கூடாது.

குழுவாகச் செய்யலாம், ஆனால் 'காரணம்' பகுதியைத் தனித்தனியாக, வகுப்பிலேயே, பத்து நிமிடத்தில் எழுதவைக்க வேண்டும். வீட்டுக்கு விட்டால் அண்ணன் அக்கா கையெழுத்து வந்து நிற்கும்.

தமிழுக்கோ சமூக அறிவியலுக்கோ நாலு வரி அளவுகோல் இப்படியே ஒத்துவரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 60 பேர் இருக்கும் வகுப்பில் பருவத்துக்கு ஒரு பணி, மீதிக்குச் சிறுதேர்வு என்று வைத்துக்கொள்வதே நடக்கிற காரியம்.