இலுமினாவா, நானோபோரா?

ஃப்ராஜைல் எக்ஸ் என்ற பரம்பரைக் கோளாறில், எஃப்எம்ஆர்1 மரபணுவின் டிஎன்ஏவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 முறைக்கு மேல் அடுத்தடுத்து வரும். 600 எழுத்துக்கு மேல் ஒரே பல்லவி! டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் இலுமினா கருவியோ ஒரு டிஎன்ஏ துண்டின் ஒவ்வொரு முனையிலிருந்தும் பெரும்பாலும் 150 எழுத்துதான் படிக்கும். அந்த 150-உம் சிஜிஜியாகவே இருந்தால், பல்லவி 70 முறை வந்ததா 300 முறையா என்று எப்படிச் சொல்வது?

அதற்காக இலுமினாவை ஒதுக்கிவிட முடியாது. சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனும் டேவிட் கிளெனர்மனும் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய முறை அது. கண்ணாடித் தகட்டில் டிஎன்ஏ துண்டுகளைக் கொத்துக் கொத்தாகப் பெருக்கி, ஒளிரும் சாயம் ஏற்றிய எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் படமெடுப்பார்கள். கோடிக்கணக்கான கொத்துகள் ஒரே நேரத்தில் படிக்கப்படும், பிழையும் மிகக் குறைவு. புற்றுநோயாளியின் இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ பெரும்பாலும் 170 எழுத்தை ஒட்டிய துண்டுகள்தான். அங்கே நீளத்துக்கு வேலையே இல்லை, எண்ணிக்கைதான் பேசும். எந்த மரபணு தன் நகலான ஆர்என்ஏவை எவ்வளவு தருகிறது என்று எண்ணவும் என் தேர்வு இதுதான்.

டிஎன்ஏவைப் படிக்கும் இன்னொரு முறையான நானோபோரின் வழி வேறு. சவ்வில் பதித்த புரதத் துளைக்குள் இழை நுழையும்போது மின்னோட்டம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்தே எழுத்துகளைக் கணிக்கிறார்கள். 10 லட்சம் எழுத்தைத் தாண்டிய துண்டுகளைக்கூட ஒரே மூச்சில் படித்திருக்கிறார்கள். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றாமல் நேராகவே படிக்கலாம், அதன்மேல் உள்ள வேதிக் குறிகளும் அழியாது. 2015-இல் கினியில், உள்ளங்கையில் அடங்கும் மினயான் என்ற நானோபோர் கருவி, எபோலா மாதிரி கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் முடிவு தந்ததை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. ஆனால் ஒரே எழுத்து வரிசையாக வந்தால் மின்னோட்டம் மாறாது, எண்ணிக்கை பிசகும்.

இரண்டுக்கும் நடுவே பாக்பயோ என்ற மூன்றாவது முறை. டிஎன்ஏவை வட்டமாக்கிப் பலமுறை சுற்றிப் படித்து, 15,000 எழுத்துகளுக்கு மேல் 99.9% துல்லியத்தோடு தரும். மனித மரபணுத்தொகுதியில் படிக்கப்படாமல் எஞ்சியிருந்த சுமார் 8 விழுக்காட்டை 2022-இல் நிரப்பியதில் பாக்பயோ, நானோபோர் இரண்டுக்கும் பங்குண்டு.

பாரஃபின் மெழுகில் பல ஆண்டுகள் கிடந்த திசு என்றால் டிஎன்ஏ ஏற்கெனவே நொறுங்கியிருக்கும். தயங்காமல் இலுமினாவுக்கு அனுப்பலாம். ஃப்ராஜைல் எக்ஸ் சந்தேகத்தோடு வரும் குழந்தைக்கு மட்டும், புதிதாக இரத்தம் எடுத்து, இழை அறுந்துவிடாமல் மெல்லப் பிரித்து, நானோபோரிலோ பாக்பயோவிலோ நீளமாகப் படியுங்கள்.